நட்டைத் தொடுமுன் நூல் பிடி

அன்புள்ள நிலாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தாத்தாவின் ஹெரால்டு கார் நேர் ரோட்டில் நேராகத்தான் போகிறது. உன் கைக்குள் இருக்கிற ஸ்டியரிங் வீல் மட்டும், ஒரு தட்டில் எடை கூடிப்போன தராசு மாதிரி வலப்பக்கம் தாழ்ந்து நிற்கிறது. “நடுவில் இருக்கிற நட்டைக் கழற்றி, வீலை நேராக வைத்து முடுக்கிவிட்டால் தீர்ந்தது, இல்லையா பெரியப்பா? பதினைந்து நிமிட வேலைதானே?” என்று கேட்டிருக்கிறாய்.

பதினைந்து நிமிடம்கூட ஆகாது. அதனால்தான் இவ்வளவு நீளக் கடிதம். அந்த நட்டை இப்போது தொடாதே.

இதே வண்டியில், இதே கோணலுக்கு, இதே வைத்தியத்தை நானும் செய்தவன்தான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. முன் டயர் இரண்டையும் புதிதாக மாற்றி, ஊரில் ஒரு கடையில் அலைன்மென்ட் பார்த்துக் கொண்டுவந்தேன். வண்டி இழுக்கவில்லை, டயரும் ஒரு பக்கமாகத் தேயவில்லை; வீல் மட்டும் கோணிக்கொண்டது. வீட்டு வாசலில் உட்கார்ந்து நட்டை முழுக்கக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் வீலைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் இழுத்தேன். வந்தது, நேராக என் மூக்குக்கு. சத்தம் கேட்டு வெளியே வந்த உன் தாத்தா என் சட்டையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “வீலுக்கு ஒண்ணும் ஆகலையே?”

வீலை நேராக வைத்து முடுக்கினேன். பார்க்க அம்சமாக இருந்தது. ஒரு மாதம் பெருமையாகத் திரிந்தேன்.

அப்புறம்தான் சந்து காட்டிக்கொடுத்தது. கும்பகோணத்தில் எங்கள் வீட்டுச் சந்து முனையை நீ பார்த்திருக்கிறாய். ஹெரால்டின் பெருமையே அது சுற்றித் திரும்புகிற வட்டம்தான்: சுமார் 25 அடி. அந்தக் காலத்தில் அந்த அளவில் திரும்புகிற கார் அபூர்வம். எதிர்வீட்டு அம்பாசடர் முன்னே பின்னே இரண்டு தடவை எடுத்துத்தான் திரும்பும். உன் தாத்தா ஒரே வீச்சில் திருப்பிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். என் வைத்தியத்துக்குப் பிறகு இடப்பக்கம் பழையபடி திரும்பியது. வலப்பக்கம் திருப்பினால் பம்பர் சுவரை முட்ட வந்தது. ஒரு சாண்தான் வித்தியாசம். ஆனால் அந்தச் சந்தில் இருந்த இடைவெளியே ஒரு சாண்தான்.

அப்பா என்னைத் திட்டவில்லை. ஒரு வயசான மேஸ்திரியைக் கூட்டிவந்தார். அவர் கையில் மிஷின் எதுவும் இல்லை; கொத்தனார் கட்டுகிற நூல் உருண்டை, சாக்பீஸ், இரண்டு ஸ்பேனர், அவ்வளவுதான். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். “தம்பி, நேர் எதுன்னு யாரைக் கேட்டே? வீலைக் கேட்டியா, ரோட்டைக் கேட்டியா?” என்றார். நான் வீலைத்தான் கேட்டிருந்தேன்.

அவர் அன்று காட்டியதை உனக்கு எழுதுகிறேன்.

உன் கைக்கும் தரைக்கும் நடுவே மூன்று ‘நடு’ இருக்கிறது. முதலாவது, முன்சக்கரங்கள் வண்டியின் நீளத்துக்கு இணையாக நிற்கிற நிலை. இரண்டாவது, ரேக்கின் நடு. ரேக் என்பது பல் வெட்டிய ஒரு இரும்புத் தண்டு. ஸ்டியரிங் தண்டின் அடி முனையில் இருக்கிற பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் அதை இடமும் வலமும் தள்ளுகிறது. ரேக்கின் இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொரு டை ராட் புறப்பட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் ஸ்டியரிங் ஆர்மைப் பிடித்துக்கொள்கிறது. மூன்றாவது, நீ கண்ணால் பார்க்கிற வீலின் நடு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது மூன்றும் ஒத்துப் போகும். பின்னால் யார் யாரோ கை வைக்க வைக்க ஒவ்வொன்றாக விலகும். உன் கண்ணுக்குத் தெரிவது மூன்றாவது மட்டும்தான். பெரும்பாலும் குற்றவாளி அது அல்ல.

என் வண்டியில் நடந்தது என்ன தெரியுமா? அலைன்மென்ட் பார்த்தவர் இரண்டு டை ராடையும் சமமாகத் திருகாமல், கைக்கு எட்டிய ஒரே பக்கத்தைத் திருகி அளவைக் கொண்டுவந்துவிட்டார். அளவு சரிதான். ஆனால் ஒரு பக்க ராட் மட்டும் நீளம் மாறினால், வண்டி நேராக ஓடும்போது அந்த மாற்றத்தை இரண்டு சக்கரமும் பாதிப் பாதி பங்கிட்டுக்கொள்ளும். அந்தப் பாதிக்கு ரேக் நகர்ந்து கொடுக்கும். ரேக் நகர்ந்தால் வீல் சாயும். நான் வீலைக் கழற்றி நேராக்கியபோது ரேக் நகர்ந்த இடத்திலேயேதான் இருந்தது. நேராகப் போகும்போதே அது வலப்பக்கம் கொஞ்சம் போய்விட்டிருந்ததால், வலப்பக்கம் திரும்ப மிச்சமிருந்த ஓட்டம் குறைந்துபோயிற்று. சந்தில் விட்ட ஒரு சாண் அதுதான். நோய்க்குறியை அழித்துவிட்டு நோயை உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன்.

இன்னொரு கெடுதலும் உண்டு. ரேக்கின் இரண்டு முனையிலும் உள்ள உள்மூட்டுகள், சக்கரத்தைத் தாங்கும் விஷ்போன்களின் கீல்களுக்கு இசைவாக ஒரு இடத்தில் இருக்கும்படி அமைத்திருப்பார்கள். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அது தானாகத் திரும்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ரேக் ஒரு பக்கம் ஒதுங்கினால் இடமும் வலமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. மேடு பள்ளத்தில் வண்டி சட்டென்று ஒரு பக்கம் தாவுகிற மாதிரி இருக்கும். ஓட்டுகிறவர் “பழைய வண்டி, அப்படித்தான்” என்று சொல்லிக்கொள்வார். பழைய வண்டிகள்மேல் இப்படி எத்தனையோ வீண்பழி!

உன் வண்டியில் இப்போது எத்தனை பேருடைய கைவேலை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கிறதோ! மேஸ்திரி சரிசெய்து கொடுத்து நாற்பது வருடம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகு வண்டி எத்தனை ஷெட் பார்த்திருக்கும். அதனால் வேலையைக் கீழிருந்து மேலே செய். தரை, சக்கரம், டை ராட், ரேக், தண்டு, கடைசியில்தான் வீல்.

முதலில் இது கோணலா, ஆட்டமா என்று பார்க்க வேண்டும். இரண்டும் வேறு. வீல் எப்போதும் ஒரே அளவு, ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் கோணல். ஒரு இடப்பக்க வளைவு முடிந்ததும் ஒரு மாதிரியும், வலப்பக்க வளைவு முடிந்ததும் வேறு மாதிரியும் நின்றால் எங்கோ ஏதோ தளர்ந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு அளவு பார்ப்பது, ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து சித்திரம் எழுதுகிற கதை. ஹெரால்டில் ரேக்கைச் சேசிஸோடு யூ போல்ட்டும் ரப்பரும் வைத்துப் பிடித்திருக்கிறார்கள். இன்ஜின் ஆயில் சொட்டிச் சொட்டி அந்த ரப்பர் வெல்லப்பாகு மாதிரி இளகிவிடும். அப்புறம் நீ வீலைத் திருப்பினால் முதலில் ரேக்கே மொத்தமாக ஒரு பக்கம் நகரும், அதற்கப்புறம்தான் சக்கரம் திரும்பும்.

இதைப் பார்ப்பது உன் வண்டியில் மிகச் சுலபம். ஹெரால்டின் பானட், மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் சாயும். சாய்த்துவிட்டு முன்டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். மெக்கானிக்குகள் ஹெரால்டை விரும்பியதற்கு அது ஒரு காரணம். யாரையாவது உள்ளே உட்காரவைத்து வீலை இடமும் வலமும் ஒரு கையளவு ஆட்டச் சொல். நீ ரேக்கின் குழாய்மேல் விரலை வை. குழாய் அசையக் கூடாது. தண்டையும் பினியனையும் இணைக்கிற ரப்பர் கப்ளிங் வெடித்திருக்கிறதா என்று பார். டை ராட் முனைகளைக் கையால் பிடித்துப் பார். ‘டக் டக்’ என்றால் மாற்று. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங் ஆட்டம் தெரியும்.

தூக்குவது என்றதும் ஒன்று. ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழே தலையை விடாதே. பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வை, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடு. இதில் பெரியப்பாவிடம் பேரம் கிடையாது.

கீழே போனதுதான் போனாய், டிரன்னியனையும் பார்த்துவிடு. இது கோணலுக்கு நேரடிச் சம்பந்தமில்லாத விஷயம். ஆனால் ஹெரால்டைப் பற்றி எழுதுகிறவன் இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்புத் தண்டின் அடி முனை மரை வெட்டியது. அது வெண்கல டிரன்னியனுக்குள் திருகி நிற்கிறது. நீ ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அந்த மரை கொஞ்சம் உள்ளே போய் வெளியே வருகிறது. அதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, கெட்டியான கியர் ஆயில், இ.பி. 90 என்று கேட்டால் கொடுப்பார்கள். கிரீஸ் மேலேயே தங்கி இறுகிவிடும், மரைக்குள் இறங்காது. தண்ணீர் இறங்கும். துரு பிடித்து, இரும்பு மரை ஒருநாள் முறிந்தால் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிப் படுத்துக்கொள்ளும். கிரீஸ் கன்னைக் கண்டதும் எல்லா நிப்பிளிலும் அடித்துத் தள்ளுகிற நல்ல மனசுக்காரர்களால்தான் ஹெரால்டுகள் அதிகம் கெட்டன என்பது என் கட்சி. டிரன்னியன் இறுகியிருந்தால் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பி வராது. அதையும் கோணல் என்று நினைத்துவிடலாம்.

எல்லாம் இறுக்கமாக இருக்கிறது, டயர்களில் காற்றும் சமமாக இருக்கிறது என்று வை. இப்போது ரோட்டைக் கேள். நம் ரோடுகள் மழைத் தண்ணீர் வழிய நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். வண்டி இடப்பக்கச் சரிவில் இறங்கப் பார்க்கும், நீ அறியாமலே வீலை ஒரு நூல் வலப்பக்கம் பிடித்துக்கொண்டிருப்பாய். உன் படத்தில் இருப்பது அதைவிட அதிகம்தான். இருந்தாலும் விடியற்காலையில் மட்டமான மைதானமாகப் பார்த்து ஒரு முறை, அதே தடத்தில் எதிர்த்திசையில் ஒரு முறை ஓட்டிப் பார். இரண்டு தடவையும் ஒரே அளவு சாய்ந்தால் சாய்வு வண்டியில் இருக்கிறது. நேராகப் போகும்போது வீலின் உச்சியில், பன்னிரண்டு மணி இருக்கிற இடத்தில், ஒரு துண்டு நீல டேப் ஒட்டிவிடு. இனி வீலின் கம்பிகளை மறந்துவிடலாம். டேப்தான் உனக்கு ‘ரோடு சொன்ன நேர்’.

அடுத்து ரேக்கின் நடு. முன்சக்கரம் இரண்டும் தரையில் படாமல் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, வீலை இடப்பக்கம் முட்டும் வரை மெதுவாகத் திருப்பு. அங்கிருந்து வலப்பக்கம் முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணு. உதாரணத்துக்கு 3¾ சுற்று வந்தால் பாதி 1⅞. அவ்வளவு திரும்பி வந்து நின்றால் ரேக் நடுவில் நிற்கிறது. அங்கே வீலின் உச்சியில் மஞ்சள் டேப் ஒட்டு. எண்ணும்போது முட்டுவது ரேக்கா, அல்லது டயர் எதிலாவது உரசுகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொள். நடுவே ஏதாவது தடுத்தால் எண்ணிக்கை பொய் சொல்லும். சந்தேகமாக இருந்தால் டை ராட் முனைகளை ஆர்மிலிருந்து கழற்றிவிட்டு எண்ணலாம்.

இப்போது இரண்டு டேப்பையும் பார். நீலமும் மஞ்சளும் ஒரே இடத்தில் இருந்தால் சக்கரமும் ரேக்கும் ஒத்துப் போகின்றன, வீல் மட்டும்தான் தப்பாக மாட்டப்பட்டிருக்கிறது. அப்படியானால் நீ கேட்ட பதினைந்து நிமிட வேலையே சரி, நான் தோற்றேன். இரண்டும் விலகியிருந்தால் விலகலின் அளவே டை ராடில் இருக்கும் பிழையின் அளவு. வீல் எந்தக் கோணத்தில் இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. நான் இருபத்திரண்டு வயதில் செய்யத் தவறியது இந்த இரண்டு டேப் வேலையைத்தான்.

இண்டிகேட்டரும் ஒரு சாட்சி சொல்லும். வளைவு முடிந்து வீல் திரும்பும்போது அது தானாக அணைகிறது அல்லவா? அதை அணைக்கிற சின்னத் துருத்தல் தண்டில் இருக்கிறதா, வீலின் அடியில் இருக்கிறதா என்று பார். தண்டில் இருந்து, வீல் கோணலாக இருந்தும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அணைந்தால், தண்டு தன் இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் தாமதமாகவும் அணைந்தால் கோணல் தண்டுக்குக் கீழேயிருந்து வருகிறது.

இனி நூல். வண்டியைத் தரையில் இறக்கியதும் அளக்காதே. ஜாக்கியில் தூக்கிய ஹெரால்டின் சக்கரங்கள், பின்சக்கரங்கள் முக்கியமாக, கால் மடக்கிய கோழி மாதிரி உள்ளே மடங்கி நிற்கும். பத்தடி முன்னே தள்ளி, பத்தடி பின்னே தள்ளி, பானட்டையும் டிக்கியையும் அமுக்கி அமுக்கி விட்டால்தான் அது தன் உயரத்துக்கு வந்து உட்காரும். பின்பு ரேக்கை நடுவில் (மஞ்சள் டேப் உச்சியில்) வைத்து, வீலைச் சீட்டோடு கயிற்றால் கட்டிவிடு.

வண்டியின் இரண்டு பக்கமும், சக்கர மையத்தின் உயரத்தில், முன்னும் பின்னும் ஸ்டூலோ செங்கல் அடுக்கோ வைத்து நூலை இழுத்துக் கட்டு. இரண்டு நூலுக்கும் இடையே உள்ள அகலம் முன்னாலும் பின்னாலும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்சக்கர மையத்திலிருந்து இடது நூல் எவ்வளவு தூரமோ வலது நூலும் அவ்வளவே. பின்சக்கர மையத்திலும் அப்படியே. இந்த நான்கையும் ஒத்துப்போகச் செய்யத்தான் நேரம் பிடிக்கும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது நழுவும். பொறுமையாகச் செய். மேஸ்திரி இதற்கே ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார், இரண்டு டீயோடு.

நூல் நின்றதும் முதலில் பின்சக்கரங்களை அள. நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் பார். இடமும் வலமும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் திரும்பியிருந்தால் வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும், அதை ஈடுகட்ட முன்சக்கரம் திரும்பும், வீலும் திரும்பும். முன்னால் எவ்வளவு திருகினாலும் அது தீராது. பின்பக்க ரேடியஸ் ஆர்ம்களைப் பிடித்திருக்கிற இடத்தில் வைத்த மெல்லிய தகடுகளைக் கூட்டியோ குறைத்தோதான் சரிசெய்ய வேண்டும். நான் பார்த்தவரை, முன்னால் மாற்றி மாற்றிப் பணம் அழித்தவர்களில் பலர் பின்னால் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

அடுத்து முன்சக்கரங்கள். முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிடத் துளி உள்நோக்கி இருக்க வேண்டும், அதுதான் டோ-இன். எவ்வளவு என்பதை வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள். 1/16 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல், ஆகவே அது அரை நூல். இரண்டு சக்கரமும் சேர்ந்து அரை நூல். ஒரு சக்கரத்துக்குக் கால் நூல். நூலைக் கட்டி நூல் கணக்கில் அளக்கிற இந்த வேலையை அலைன்மென்ட் என்று சொல்வதைவிட ‘நூல் பிடிப்பது’ என்று மேஸ்திரி சொன்னதுதான் எனக்குப் பிடித்திருந்தது. நீ வெளிப்பக்க நூலிலிருந்து அளப்பதால், முன்விளிம்பு தூரம் பின்விளிம்பு தூரத்தைவிடக் கால் நூல் அதிகமாக வர வேண்டும்.

வராத பக்கத்தில் டை ராட் முனையை ஒட்டியிருக்கிற செக் நட்டைத் தளர்த்து. பல வருட துரு. முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவிடு. ரேக்கின் ரப்பர் உறையைப் பிடித்திருக்கிற வெளி கிளிப்பையும் தளர்த்திவிடு, இல்லாவிட்டால் ராடோடு சேர்ந்து உறையும் முறுக்கிக்கொண்டு கிழியும். ராடைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகு. ஒவ்வொரு தடவையும் வண்டியை முன்னே பின்னே உருட்டி அள. இரண்டு பக்கமும் கால் நூல் வந்ததும் நிறுத்து. ராட் முனையைத் திரும்பாமல் பிடித்துக்கொண்டு செக் நட்டை முடுக்கு.

முடுக்கிய பிறகு இரண்டு பக்கமும் வெளியே தெரிகிற மரைகளை எண்ணிப் பார். ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இடப்பக்கம் நாலு மரை, வலப்பக்கம் பதினொன்று என்று வந்தால் ஏதோ ஒரு ஆர்ம் வளைந்திருக்கிறது, அல்லது ரேக்கையே ஒதுக்கிப் பிடித்திருக்கிறார்கள். அப்படி இருந்தால் மேலே போகாதே, எனக்கு எழுது.

இந்த நிலையில் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓட்டிப் பார். சக்கரமும் ரேக்கும் ஒத்துவிட்டன. வீலும் நேராக நின்றால் உனக்கு அதிர்ஷ்டம். நிற்காவிட்டால், இப்போது, இப்போதுதான், அந்த நட்டு.

பேட்டரி வயரைக் கழற்று. ஹார்ன் பட்டனுக்குள் மின்சாரம் இருக்கிறது. பட்டனை எடு. தண்டிலும் வீலிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடு, எங்கே இருந்தது என்று தெரிய. நட்டைத் தளர்த்து, ஆனால் கழற்றாதே. இரண்டு மூன்று மரை பிடித்த நிலையில் அப்படியே விட்டுவிட்டு வீலை ஆட்டி ஆட்டி இழு. பிடி விட்டதும் வீல் நட்டில் வந்து முட்டி நிற்கும். உன் மூக்குக்கு வராது. வரவில்லை என்று சுத்தியலால் தண்டின் தலையில் அடிக்காதே, புல்லர் வாங்கிப் போடு.

வீல் உட்காருகிற இடத்தில் நுண்ணிய பற்கள் இருக்கும். எத்தனை என்று எண்ணு. 360-ஐ அதால் வகுத்தால் ஒரு பல்லுக்கு எத்தனை டிகிரி என்று வரும். 36 பல் என்றால் 10 டிகிரி. அதற்குக் குறைந்த கோணலை வீலை மாற்றி மாட்டித் தீர்க்க முடியாது. மிச்சமிருக்கும் அந்த நாலைந்து டிகிரிக்குத்தான் மறுபடி டை ராட்: ஒன்றை எவ்வளவு குட்டையாக்குகிறாயோ மற்றதை அவ்வளவே நீட்டு. டோ-இன் மாறாது, வீல் மட்டும் நகரும். எதை நீட்டுவது என்று மனப்பாடம் செய்யாதே, யோசித்துப் பார். வண்டி நேராகப் போகும்போது வீல் வலப்பக்கம் சாய்கிறது என்றால், வீலை நேராக வைத்தால் சக்கரங்கள் இடப்பக்கம் பார்க்கும். அவற்றை வலப்பக்கம் திருப்ப வேண்டும். ஹெரால்டில் ரேக் சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கிறது. ஆக ஆர்ம்களின் முனைகள் வலப்பக்கம் போக வேண்டும்: வலது ராடை நீட்டு, இடது ராடைக் குறை. ரேக் பின்னால் இருக்கிற வண்டியில் இதுவே தலைகீழ். உன் சிநேகிதி வீட்டு ஃபியட்டில் போய் இதே கையோடு திருகிவிடாதே. அதில் ரேக்கே கிடையாது, ஸ்டியரிங் பாக்ஸ்.

வீலை மாட்டியதும் இண்டிகேட்டர் இரண்டு பக்கமும் ஒழுங்காக அணைகிறதா என்று பார். துருத்தல் வீலோடு சேர்ந்த வண்டியாக இருந்தால் நீ வீலை நகர்த்தும்போது அதுவும் நகர்ந்திருக்கும். 

கடைசியில் ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூப்பிட்டு எல்லா நட்டையும் ஒருமுறை பார்க்கச் சொல். உன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஸ்டியரிங்கை இரண்டு ஜோடிக் கண் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம்; மேஸ்திரி முடித்த பிறகும் அப்பா ஸ்பேனரோடு ஒரு சுற்று வந்தார், மேஸ்திரியும் கோபித்துக்கொள்ளவில்லை.

உதிரிச் சாமான் கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். இந்த வண்டி 1959-இல் இங்கிலாந்தில் டிரயம்ஃப் ஹெரால்டாக வந்தது. உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிச்சலாட்டி. 1961-இலிருந்து சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனி இங்கேயே செய்தது. நாலு கதவு ஹெரால்டு நம்மவர்கள் செய்தது. இங்கிலாந்துக்காரர்கள் அதைச் செய்ததே இல்லை. இங்கிலாந்தில் பழைய டிரயம்ஃப் பிரியர்கள் நிறைய இருப்பதால் ரேக் ரப்பரும் டிரன்னியனும் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். டை ராட் முனை வாங்குமுன் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போ, மரை ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே திருகிப் பார்த்து வாங்கு.

ஞாயிற்றுக்கிழமை டேப் ஒட்டுவதோடு நிறுத்திக்கொள். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே எத்தனை விரல்கடை, மஞ்சள் எந்தப் பக்கம், மொத்தம் எத்தனை சுற்று, இந்த மூன்றையும் எழுதி அனுப்பு. நூல் உருண்டை வாங்க வேண்டாம். மேஸ்திரி விட்டுப்போனது என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது எடுத்துவருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா